தண்ணீர் வந்த வழியே ஒரு சைக்கிள் பயணம்

தேனியிலிருந்து குமுளிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்ப்பதே இல்லை. ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தவர் கொஞ்ச நேரம் வயலைப் பார்ப்பார். பிறகு தூங்கி விடுவார். இடம் கிடைக்காதவர் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்ப்பார். கண்டக்டர் "குமுளி! குமுளி!" என்று கத்தும்போது பள்ளத்தாக்கு முடிந்து போயிருக்கும்.

சைக்கிளில் போய்ப் பாருங்கள். நெல் வயலின் வாசனை வரும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து வேலை செய்கிறவர் நிமிர்ந்து, "எந்த ஊருங்க?" என்று கேட்பார். நீங்கள் நின்று பதில் சொல்லலாம்.

அப்படி ஒரு பயணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். இதற்கு விலை உயர்ந்த சைக்கிள் தேவை இல்லை. பால்காரர் ஓட்டும் சைக்கிள் போதும். பிரேக் மட்டும் நன்றாக இருக்க வேண்டும். அது ஏன் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

எங்கே புறப்படுவது?

காமயகவுண்டன்பட்டியில் புறப்படலாம்.

இது தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகாவில் இருக்கும் ஒரு பேரூர். கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் நீளமாக இருப்பதால் "கே.கே.பட்டி" என்று சுருக்கிச் சொல்லுகிறார்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற தியாகிகள் பலர் பிறந்த ஊர் இது. மகாத்மா காந்திக்கு இங்கே கோவிலே கட்டி இருக்கிறார்கள்.

ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை. மேற்கே ஏல மலை. கிழக்கிலும் தெற்கிலும் மேகமலை. நடுவில் பச்சைப் பாய் விரித்தது போலப் பள்ளத்தாக்கு. தரை பெரும்பாலும் சமமாக இருக்கும். ஆகையால் பழக்கம் இல்லாதவர்கள் கூட இங்கே தைரியமாகச் சைக்கிள் மிதிக்கலாம்.

இந்தப் பச்சை தானாக வந்தது அல்ல. மலையைக் குடைந்து கொண்டு வந்த தண்ணீரால் வந்தது. அந்தத் தண்ணீர் வந்த வழியைப் பின்பற்றிப் போவதுதான் நமது பயணம். அதற்கு முன்னால், கால் பழகுவதற்கு ஒரு சிறிய பயணம் போவோம்.

சுருளிக்குப் போவோம்

காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி பக்கமாகப் போனால் சுருளி அருவி. சுமார் பத்து, பன்னிரண்டு கிலோ மீட்டர். நிதானமாக மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

வழியில் இரு புறமும் திராட்சைத் தோட்டங்கள். கல் தூண்களை நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டிருப்பார்கள். கொடி மேலே படர்ந்திருக்கும். கருநீலக் குலைகள் கீழே தொங்கும். இதுதான் பன்னீர் திராட்சை. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ம் ஆண்டில் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார் என்று சொல்லுகிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. "இந்த மண்ணில் விளைந்த இந்தப் பழத்துக்குத்தான் இந்தப் பெயர்" என்று சட்டப்படி கொடுக்கும் சான்று அது.

வேறு ஊர்களில் திராட்சைக்கு ஒரு காலம் உண்டு. இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். ஆனால் கையை நீட்டிப் பறித்து விடாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. பூச்சி மருந்து தெளித்த கொடியாகவும் இருக்கலாம். தோட்டக்காரரிடம் காசு கொடுத்து வாங்குங்கள். கழுவிச் சாப்பிடுங்கள்.

சுருளியில் அருவி மலையிலிருந்து விழுகிறது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய ஏராளமான ஜனங்கள் வருகிறார்கள். அந்த நாட்களில் சைக்கிளுக்கு வழி கிடைப்பது கஷ்டம். மற்ற நாட்களில் போனால் ஆனந்தமாகக் குளிக்கலாம். அருவி வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. வெள்ளம் வந்தாலும், யானை வந்தாலும் குளிக்கத் தடை போட்டு விடுவார்கள். கிளம்புவதற்கு முன்னால் விசாரித்துக் கொள்ளுங்கள்.

லோயர் கேம்ப் வரை

இப்போது பெரிய பயணம்.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம். கம்பத்திலிருந்து கூடலூர். (நீலகிரியில் இருக்கும் கூடலூர் வேறு, இது வேறு.) கூடலூரைத் தாண்டினால் லோயர் கேம்ப். மொத்தம் சுமார் 23 கிலோ மீட்டர்.

கம்பம் தாண்டியதும் சாலை ஓரமாக வயல்கள் வரும். தென்னந்தோப்பு வரும். வாழைத் தோட்டம் வரும். வாய்க்கால்கள் நிறையத் தண்ணீர் ஓடும். போகப் போக மலை நெருங்கி வரும். கடைசியில், "இனிமேல் போக இடம் இல்லை" என்பது போல மலை எதிரே நிற்கும். அந்த இடம்தான் லோயர் கேம்ப்.

அங்கே நின்று மேலே பாருங்கள். மலை உச்சிப் பக்கத்திலிருந்து பெரிய பெரிய இரும்புக் குழாய்கள் இறங்கி வருகின்றன. அவற்றுக்குள் தண்ணீர் வேகமாக இறங்குகிறது. அந்த வேகத்தில் எந்திரம் சுழன்று மின்சாரம் பிறக்கிறது. இந்த மின்சார நிலையம் 1958-ம் ஆண்டிலிருந்து வேலை செய்கிறது. எந்திரத்தைச் சுற்றி விட்டு வெளியே வரும் தண்ணீர்தான் நீங்கள் வழி நெடுகப் பார்த்த வயல்களுக்குப் பாய்கிறது.

சரி. மலைக்கு மேலே தண்ணீர் எப்படி வந்தது?

மலையைக் குடைந்த கதை

பெரியாறு மேற்கே ஓடும் நதி. மழை கொட்டும் மலையில் பிறந்து, அரபிக் கடலில் போய் விழுந்து கொண்டிருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் மதுரைச் சீமை தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது. 1876-ம் ஆண்டு முதல் 1878-ம் ஆண்டு வரை தென்னாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள்.

"அந்த நதியை இந்தப் பக்கம் திருப்ப முடியாதா?" என்ற யோசனை பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை இதைப் பற்றி யோசித்தார். செலவு அதிகம் ஆகும் என்று கைவிட நேர்ந்தது.

நூறு ஆண்டு கழித்து, பென்னிகுயிக் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் வந்தார். 1887-ம் ஆண்டில் வேலை ஆரம்பம் ஆயிற்று. இடமோ அடர்ந்த காடு. யானையும் புலியும் திரிந்தன. மலேரியாக் காய்ச்சல் வேலைக்காரர்களை வாட்டியது. நோயில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். கட்டியதை வெள்ளம் அடித்துக் கொண்டு போயிற்று. மறுபடியும் கட்டினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கல் வைத்துக் கட்டிய அணை அது. பென்னிகுயிக் தன் சொந்தச் சொத்தை விற்று வேலையை முடித்தார் என்று இந்தப் பக்கத்து மக்கள் இன்றும் சொல்லுகிறார்கள்.

அணை கட்டினால் மட்டும் போதாது. நடுவே மலை நிற்கிறதே! ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்து வழி செய்தார்கள். 1895-ம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மேற்கே போன நதி கிழக்கே திரும்பியது.

இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைவது இந்தத் தண்ணீரால்தான். பிறகு அது வைகையில் கலந்து மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது.

லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2013-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி திறந்தார்கள். ஜனவரி 15 அவருடைய பிறந்த நாள். பொங்கலை ஒட்டி வருகிறது. வீரபாண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பாலார்பட்டியில் அவருக்காகவே பொங்கல் வைக்கிறார்கள்.

குழந்தைகளை அழைத்துப் போனால் இந்த மண்டபத்தில் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். அணைக்கே சைக்கிளில் போக முடியாது. அது கேரள மாநிலத்தில், புலிகள் காப்பகத்துக்கு உள்ளே இருக்கிறது.

காற்றைக் கேட்டுக் கிளம்புங்கள்

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிற சைக்கிள்காரர் முதலில் தெரிந்து கொள்ள வேண்டியது காற்றைத்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளப் பக்கத்திலிருந்து தென்மேற்குப் பருவக் காற்று வீசும். மலைத் தொடரில் இருக்கும் இடைவெளி வழியாக அது பாய்ந்து வரும். இந்தக் காற்றை நம்பித்தான் தேனிப் பக்கம் ஏராளமான காற்றாலைகளை நிறுத்தி இருக்கிறார்கள். காற்றாலையையே சுற்றும் காற்று, சைக்கிளைச் சும்மா விடுமா? லோயர் கேம்ப் பக்கம் மிதிக்கும்போது மார்பில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும்.

ஆனால் திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும்! நிலமும் அந்தப் பக்கம்தான் மெல்லச் சரிகிறது. ஆகையால் எப்போதும் முதலில் லோயர் கேம்ப் பக்கமே போங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே கஷ்டமான பாதியை முடித்து விடலாம். களைத்துப் போன நேரத்தில் காற்று உங்களை வீட்டில் கொண்டு வந்து விடும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மிகவும் நல்ல காலம். வெயில் சுடாது. காற்றும் அடங்கி இருக்கும். அக்டோபர், நவம்பரில் மழை. அருவி அழகாக விழும். ஆனால் மலைச் சாலையில் மண் சரியும். அப்போது பள்ளத்தாக்கோடு நின்று கொள்வது நல்லது.

மலை ஏற ஆசையா?

பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு மலையில் ஏற ஆசை வரும். அதற்கும் வழிகள் உண்டு.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலைச் சாலை ஏறுகிறது. தூரம் குறைவு. ஆனால் பஸ்ஸும் லாரியும் அதிகம். கம்பத்திலிருந்து கம்பம் மெட்டுக்கு ஒரு சாலை போகிறது. போடிநாயக்கனூரிலிருந்து போடி மெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18 வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே தேயிலைத் தோட்டங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் மேகம்.

மேகமலை கெட்டிக்காரர்கள் மட்டும் போக வேண்டிய இடம். ஏற்றம் நீளம். கடை குறைவு. அது புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த பகுதி. அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் அனுமதி கேட்டுக் கொண்டு, பகலிலேயே போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டும்.

கியர் வைத்த சைக்கிள் என்றால் ஏறுவது சுலபம். சாதா சைக்கிள் என்றால் பல இடங்களில் இறங்கித் தள்ள வேண்டி வரும். தள்ளுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. தள்ளும்போதுதான் பக்கத்தில் பேசிக் கொண்டே நடக்க முடியும். ஒவ்வொரு வளைவிலும் திரும்பி நின்று கீழே பாருங்கள். வயல்கள் சீட்டுக்கட்டைப் பரப்பியது போலத் தெரியும். நீங்கள் காலையில் புறப்பட்ட ஊர் எது என்று தேடுவது நல்ல விளையாட்டு.

ஒரு எச்சரிக்கை. காலையிலும் மாலையிலும் இந்த மலைச் சாலைகளில் ஜீப்புகள் விரைந்து போகும். பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். நேரத்துக்குப் போகாவிட்டால் அவர்களுக்குக் கூலி போய் விடும். நீங்கள் ஒதுங்கி வழி விடுங்கள்.

இறங்கும்போதுதான் ஆபத்து

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

மலை ஏறுவதில் கஷ்டம் உண்டு, ஆபத்து குறைவு. இறங்குவதில் கஷ்டமே இல்லை. ஆபத்துத்தான் அதிகம். பெடலை மிதிக்காமலே சைக்கிள் பறக்கும். குஷியாக இருக்கும். அந்தக் குஷியில்தான் உயிர் போகிறது.

சரிவில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக் கொண்டே வந்தால் ரப்பர் கட்டை தேயும். சக்கரத்தின் விளிம்பு சூடேறும். சூடு அதிகமானால் ட்யூபே வெடிக்கக் கூடும். ஆகையால் விட்டு விட்டுப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் தலை குப்புற விழுவீர்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டு, மூன்று வளைவுக்கு ஒரு தடவை நின்று, சக்கரத்தை ஆற விடுங்கள்.

வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள். மணி அடியுங்கள். இடது ஓரத்தை விடாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும். இது சாலை விதி. மழை பெய்தால் பிரேக் பாதிதான் பிடிக்கும். அப்போது இறங்கி உருட்டிக் கொண்டு வாருங்கள். குழந்தையைக் காரியரில் வைத்துக் கொண்டு ஒரு போதும் மலை இறங்காதீர்கள்.

பிரேக் நன்றாக இல்லாத சைக்கிளை மலைக்கு எடுத்துப் போவதை விட, போகாமல் இருப்பது மேல். புதிய பிரேக் கட்டைக்கு ஆகும் செலவு சொற்பம்.

யானை வந்தால்?

காடு பக்கத்தில் இருக்கிறது என்பதை மறந்து விடக் கூடாது. 2023-ம் ஆண்டு மே மாதத்தில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்து விட்டது. ஜனங்கள் ஓடினார்கள். ஒருவர் உயிர் இழந்தார். பிறகு அது சண்முகாநதி அணைப் பக்கத்துக் காட்டில் சுற்றியது. ஜூன் 5-ந் தேதி வனத்துறையினர் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டு போய் விட்டார்கள்.

எல்லா நாளும் யானை வராது. ஆனாலும் மலை அடிவாரத்துச் சாலைகளில் விடிவதற்கு முன்னாலும், பொழுது சாய்ந்த பிறகும் போகாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் "போகாதீங்க" என்று சொன்னால் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியப் போவது இல்லை.

சைக்கிளில் உலகம் சுற்றியவர்கள்

"இந்தக் காலத்தில் சைக்கிளில் ஊர் சுற்றுவதா?" என்று சிலர் சிரிக்கலாம். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

1923-ம் ஆண்டு அக்டோபர் மாதம், பம்பாயில் ஆறு பார்சி வாலிபர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். அவர்களில் அதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூன்று பேர் கடைசி வரை போனார்கள். பாலைவனத்தைக் கடந்தார்கள். பனி மலையைக் கடந்தார்கள். சுமார் 71 ஆயிரம் கிலோ மீட்டர் சுற்றி விட்டு, 1928-ம் ஆண்டு மார்ச் மாதம் பம்பாய்க்குத் திரும்பினார்கள். அவர்கள் ஓட்டியதும் கால் பலத்தில் ஓடும் சைக்கிள்தான்!

நம் தமிழ்நாட்டில் இன்னொரு கதை நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் அதோடு சைக்கிள் விடவும் கற்றார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். முதலில் கேலி செய்தவர்கள் உண்டு. பெண்கள் காதில் போட்டுக் கொள்ளவில்லை. தண்ணீர்க் குடத்தைச் சைக்கிளில் கட்டினார்கள். பிள்ளையை உட்கார வைத்தார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் தாங்களே சந்தைக்குப் போய் வந்தார்கள்.

இன்று பதினோராம் வகுப்பில் படிக்கும் மாணவ மாணவிகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. பள்ளிக்குப் போகும் அந்தச் சைக்கிள், லீவு நாளில் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்க வேண்டுமா? அண்ணனும் தங்கையும், அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு நாள் சுருளி வரை போய் வரலாமே!

கையில் என்ன வேண்டும்?

கிளம்புவதற்கு முதல் நாள் சைக்கிள் கடையில் பிரேக், செயின், டயர் மூன்றையும் பார்த்து விடுங்கள். காற்று நன்றாக இருக்கட்டும். ஒரு கைப் பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு ஸ்பானர் போதும். தலைக்கு ஹெல்மெட். முன்னால் ஒரு விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு.

ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். புளிச் சோறு கட்டிக் கொண்டால் மத்தியானத்துக்கு ஆயிற்று. வழியில் இளநீர் கிடைக்கும், வாழைப்பழம் கிடைக்கும். சேலையோ வேட்டியோ, செயினில் சிக்காதபடி இழுத்துச் சொருகிக் கொள்ளுங்கள். சாப்பிட்ட காகிதத்தையும், பாட்டிலையும் அருவியிலும் வாய்க்காலிலும் போடாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் ராமநாதபுரம் வரை எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

மாலையில் காமயகவுண்டன்பட்டிக்குத் திரும்பும்போது சூரியன் ஏல மலைக்குப் பின்னால் இறங்கிக் கொண்டிருப்பான். கால் வலிக்கும். வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளை நிறுத்துங்கள். தண்ணீரில் காலை விடுங்கள். சில்லென்று இருக்கும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். காலையில் கேட்டிருந்தால் "வாய்க்காலிலிருந்து" என்று சொல்லி இருப்பான். இப்போது மலையைக் கையால் காட்டுவான்.